முதுகு காட்டியவளின் கைதட்டு

ஆவணப்படம் எடுக்கும் அவளுக்கு அத்தான் என்று ஒருவர் வாய்த்திருந்தார். அக்காவின் கணவர், பெரிய தொலைக்காட்சி ஒன்றின் செய்திப் பிரிவுத் தலைவர். தலைவராம், தலைவர்! அமைச்சரின் உதவியாளர் போனில் இருமினாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அந்த வாயால்தான் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பத்திரிகை தர்மம் போதிப்பார்.

அவள் படமோ, இரண்டே அறையில் நடக்கும் ஒரு சின்னப் பத்திரிகையைப் பற்றியது. அமைச்சரின் மருந்துக் கொள்முதல் ஊழலை எழுதியதும் விளம்பரம் நின்றது. அச்சகத்துக்காரர் கையை விரித்தார். ஆசிரியரின் மேஜை தெருவுக்கு வந்தது. பெரிய பத்திரிகைகளோ அந்த வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டியைப் பற்றி உருகிக்கொண்டிருந்தன. வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

ஊழலைக் கசியவிட்டவள் ஒரு அரசு அலுவலக எழுத்தர். யாரென்று தெரிந்தால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு; இடுப்பில் கைக்குழந்தை வேறு. அதனால் பேட்டி முழுக்க முதுகை மட்டும் காட்டி உட்கார்ந்தாள்.

படத்தை ஒளிபரப்புவதாக அத்தான் சொன்னார். "வெட்டாத காட்சி எல்லாம் குடும்மா. வக்கீல் பாக்கணுமாம்."

"தாராளமா பாருங்க. வெறும் முதுகுதான் இருக்கு. பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போகட்டும்" என்று மெமரி கார்டை நீட்டினாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனார்.

மறுநாள் காலை வேறொரு பேட்டி. படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவாகும் என்பதால், பேசுகிறவரை முதலில் கேமராவைப் பார்த்து ஒரு தடவை கைதட்டச் சொல்வாள். பிறகு அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்துவாள். எதிரே இருந்தவர் தட்டினார். அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. எழுத்தரும் தட்டினாளே! திரும்பி உட்காருவதற்கு முன், நேருக்கு நேராக, "இப்படியா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே.

மடச்சி, மடச்சி! தன்னையே திட்டிக்கொண்டு, தன்னிடமிருந்த பிரதியை முதலில் அழித்தாள். அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அவர் இப்பதான் குளிக்கப் போறாரு. அவர் வேலையில நான் தலையிட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? வை போனை."

அந்த ஆளுக்குச் சட்டை தேய்த்துத் தேய்த்து அக்காவின் முதுகெலும்பும் தேய்ந்துவிட்டது என்று கரித்துக்கொட்டிக்கொண்டே அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

கூடத்தில் அத்தான் இடுப்பில் துண்டோடு அக்காவைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார். "அறிவிருக்காடி உனக்கு? அமைச்சர் ஆபீஸ்ல காத்துக்கிட்டிருக்காங்க!"

வக்கீல் எங்கே போனாரோ!

"அழுக்குக் கூடையில சட்டையைப் போட்டா மெஷின்ல போடத்தான் செய்வேன்" என்றாள் அக்கா. மேஜைமேல் கார்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

அத்தான் இவள் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட காப்பி இருக்கும்ல?"

"அழிச்சுட்டேன் அத்தான்."

போன் அடித்தது. ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, "சார்... சார்..." என்று குனிந்தார் செய்திப் பிரிவுத் தலைவர். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். "நல்லவேளைக்கா, பாக்கெட்டைப் பாக்காம துவைச்சே."

அக்கா குழாயை மூடினாள்.

"இத்தனை வருஷத்துல பாக்கெட்டைப் பாக்காம ஒரு சட்டையாவது துவைச்சிருக்கேனாடி நான்?"