காலை ஆறரை மணித் தூக்கப் பயிற்சி

"இன்னுமாடி அந்தம்மா மேல கோவம்?" என்று கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். மன்னிக்கிற உத்தேசமே இல்லை.

நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் பிஎச்டி செய்துகொண்டிருந்தார். நர்சிங் மாணவிகளை நன்றாகத் தூங்க வைப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. சோதனை எலிகள் நாங்கள் நாற்பது பேர். தினமும் காலை ஆறரைக்கு டெமோ ஹாலில் பாய் விரித்துப் படுத்து, மேடம் சொல்லச் சொல்லக் கை காலை இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு மாதம் செய்தால் ராத்திரி தூக்கம் அள்ளிக்கொண்டு போகுமாம். ஹாஸ்டல் பெண்களுக்கு நாலு எட்டு நடந்தால் ஹால். நான் பெருநகர் என்கிற எங்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து உத்திரமேரூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏற வேண்டும். ஆறரைக்குப் பாயில் படுப்பதற்காக நாலு மணிக்குப் பாயை விட்டு எழுந்தேன். ரெக்கார்டு எழுதி முடித்துப் படுக்கவே பன்னிரண்டு ஆகிவிடும்.

"இன்னாடி இது, இட்லிய வாயில வெச்சிக்கினு தூங்கிக்கினு கீறே?" என்பாள் நடவு வேலைக்குக் கிளம்பும் அம்மா.

"நல்லாத் தூங்கறதுக்குப் பயிற்சிம்மா."

"பேஜார் புடிச்ச படிப்பா கீதே!"

ஒருநாள் வார்டில் ஒரு பெரியவருக்குப் பிரஷர் பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன். நின்றபடியே கண் செருகிவிட்டது.

"பாப்பா, கை மரத்துப்பூட்ச்சிமா. தூங்கிக்கினு கீறியா?"

பதறிப்போய்க் காற்றை இறக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் மேடம் வார்டே கேட்கும்படி கத்தினார். "ராத்திரியெல்லாம் போன் நோண்ட வேண்டியது, இங்க வந்து தூங்க வேண்டியது! நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா."

அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். மேடம் அவளை உட்காரச் சொல்லவே இல்லை. சேற்று வெடிப்பு விழுந்த காலோடு, கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். பயிற்சியை மத்தியானத்துக்கு மாற்றுங்கள் மேடம், இல்லாவிட்டால் நாளைக்கு யாருக்காவது ஊசியை மாற்றிப் போட்டுவிடுவேன் என்று கெஞ்சினேன். "மத்தியானம் எனக்கு டைம் கிடையாது" என்றார். இரு, உனக்கு வைக்கிறேன் என்று அப்போதே மனசுக்குள் கருவிக்கொண்டேன்.

மாசக் கடைசியில், மேடத்தின் ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கும் கைடு சென்னையிலிருந்து வந்தார். "கடைசியில ஒரு ஃபார்ம் தருவாங்க. நல்லாத் தூங்கறோம்னு டிக் பண்ணணும், புரியுதா?" என்று மேடம் முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார். நானும் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். "அந்தம்மா எழுந்திருன்னு சொன்னா ஒருத்தியும் அசையக் கூடாதுடி. கட்ட மாதிரி கெடக்கணும்."

அப்படியே கிடந்தோம். மேடம் கை தட்டினார், கத்தினார். யாரும் அசையவில்லை. பாதிப் பேர் நிஜமாகவே குறட்டை விட்டார்கள். கைடு முன்னால் மேடம் மானம் போய் நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அப்போது கைடின் குரல் கேட்டது. "அடேயப்பா, என்ன எஃபெக்ட்! சூப்பர்மா!"

அடிப்பாவி! அந்தம்மாவைக் கவிழ்க்கப் போட்ட திட்டம் அந்தம்மாவுக்கே மாலை போட்டுவிட்டது. பயிற்சி நன்றாக வேலை செய்கிறது, அடுத்த செட் பெண்களுக்கும் தொடரலாம் என்று கைடு வேறு சொன்னார்.

எழுந்து உட்கார்ந்ததும் கைடே ஃபார்மைக் கொடுத்தார். கடைசிக் கேள்விக்கு டிக் இல்லை, எழுத வேண்டும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எது? நான் எழுதி, பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினேன். அவள் அடுத்தவளிடம் காட்டினாள்.

கைடு ஃபார்ம்களை வாங்கிச் சத்தமாகவே படித்தார். "இந்த ஆராய்ச்சி." அடுத்தது, "இந்த ஆராய்ச்சி." ஆறேழு படித்ததும் நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

மேடம் போட்ட இன்டர்னலில் வகுப்பிலேயே குறைந்த மார்க் எனக்குத்தான் வந்தது. போகட்டும். ஆறரை மணிப் பயிற்சி மறுநாளே நின்றது. ஃபார்ம் எழுதிய அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எட்டு மணிக்கே படுத்து, அம்மா தட்டி எழுப்பும்வரை தூங்கினேன். மேடத்துக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. வந்திருக்கவே கூடாது.