கவரைப்பேட்டையில் கம்பி இழுத்த செவ்வாய்க்கிழமை

திங்கள், பிற்பகல். பத்து ரூபாய் டிக்கெட்டுக்குச் சென்ட்ரலிலிருந்து கவரைப்பேட்டை வரை மின்ரயிலில் கொண்டுவந்து விடுகிறார்கள். உட்கார இடமில்லை என்று குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஸ்டேஷனில் நண்பர் பாலமுருகன் நின்றிருந்தார். கடலோர அனல்மின் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு உயர் அழுத்த மின்பாதை போடும் வேலைக்கு அவர்தான் மேலாளர். "பெரிய வேலை எப்படி நடக்குதுன்னு வந்து பாருய்யா" என்று ஒரு வருடமாக நச்சரித்தவர், அன்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

விஷயம் இதுதான். கோபுரங்கள் எல்லாம் நட்டாகிவிட்டன. தண்டவாளத்தின் குறுக்கே இரண்டு இடங்களில் கம்பி இழுப்பது மட்டும் பாக்கி. அதில் முதலாவது இங்கே. அதற்காக ரயில்களை நிறுத்தி மறுநாள் செவ்வாய், பதினொரு மணி முதல் இரண்டு மணி நேரம் தர ரயில்வே ஒப்புக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தண்டவாளத்தை ஒட்டி, கன்னியம்மா என்ற விவசாயியின் நவரைப் பட்டத்து நெல் முற்றி நின்றது. அதற்குள் இறங்கி நடந்தால்தான் கம்பியை இழுக்க முடியும்.

வயலுக்குப் போனோம். கன்னியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நஷ்டஈடு என்று பாலமுருகன் ஆரம்பித்ததுமே கையை நீட்டித் தடுத்தார்.

"டப்பு குடுப்பீங்க சார். கதிர மெதிச்சிட்டு அந்த நெல்ல எப்டி வாயில வெக்கிறது? அறுத்துக்கினு அப்பால இழுங்க."

அறுவடை இயந்திரம் அவர் முறைக்கு வருவது புதன்கிழமைதான். கையால் அறுக்கலாம் என்றால், செவ்வாயில் அறுப்பு தொடங்குகிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. வேறு நாளே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டேன். அன்று, திங்கள் காலை எட்டு மணிக்கே தருவதாகத்தான் ரயில்வே சொன்னதாம். பிறகு ஏன் விட்டீர்கள் என்றேன். பாலமுருகன் தரையைப் பார்த்துக்கொண்டு, அது ராகு காலம் என்றார். முன்பே சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே அறுத்துக் கொடுத்திருப்பேனே என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ராவு காலம் பாக்கத் தெரிது, செவ்வாக்கெயம தெரியலியா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாலமுருகன் முறைத்தார்.

வழி கண்டுபிடித்தவரும் கன்னியம்மாதான். இன்றே ஒரு பிடி அறுத்துச் சாமிக்கு வைத்துவிட்டால், அறுப்பு திங்களிலேயே தொடங்கியதாக ஆகிவிடும். அரிவாளைக் கொண்டுவந்து, கிழக்கே பார்த்து நின்று ஒரு பிடி அறுத்தார். மறுநாள் மற்றதை அறுக்க ஆள் வேண்டுமே! ஊர்ப் பெண்கள் எல்லாம் விடிந்தால் கம்பெனி வேனில் ஏறித் தொழிற்பேட்டைக்குப் போய்விடுகிறார்கள்.

செவ்வாய், காலை ஆறு மணி. வயலில் இறங்கியவர்கள் கோபுரம் ஏறும் வங்காளத்து ஆட்கள். மால்டா பக்கத்து விவசாயிகளாம். சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா, சுகுமார் என்பவன் தாளைச் சேர்த்துப் பிடித்து அறுத்த லாகவத்தைக் கண்டதும் கட்டுப் போடக் கயிறு எடுத்து வரப் போனார். பத்தரைக்குள் கம்பி போகிற இடம் முழுக்க அறுத்துக் கட்டியாகிவிட்டது. நாஷ்டாவை முடித்துக்கொண்டு அதே ஆட்கள் பெல்ட் மாட்டிக் கோபுரம் ஏறினார்கள்.

கொடுத்த நேரம் தீரும் முன்பே கம்பி தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. ரயில்வேகாரர்களிடம் பாதையை ஒப்படைக்கும்போது பாலமுருகனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

பிற்பகல். எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டே, ஊரில் நிலம் இருக்கிறதா என்று சுகுமாரிடம் கன்னியம்மா விசாரித்தார். இருக்கிறது, அங்கேயும் இந்த வாரம்தான் அறுப்பு என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். மனைவி கூலிக்கு ஆள் தேடி அலைகிறாள், யாரும் கிடைக்கவில்லையாம்.

கன்னியம்மா பாலமுருகன் பக்கம் திரும்பி, இவனுக்கு எப்போது லீவு என்றார். அடுத்த தண்டவாளத்தையும் தாண்டிய பிறகு, இன்னும் ஒரு மாதத்தில் என்றார் அவர்.

"அது வரிக்கும் நெல்லு நிக்குமா சார்?"

பாலமுருகன் மோரைக் குடித்து முடித்தார். பிறகு சுகுமாரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார்.

சென்ட்ரலுக்குத் திரும்பும் மாலை ரயிலில், ஊருக்குப் புறப்பட்ட சுகுமார் எனக்கு எதிரே பையோடு உட்கார்ந்திருந்தான். சென்ட்ரலுக்கு முந்தின பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள்ளேயே எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டான்.