ஏழாம் பெட்டுக்குச் சவரம்

மருந்து மயக்கம் என்று என் மச்சானே சொல்லிவிட்டான். இல்லை. அன்று எனக்கு ஊசி எதுவும் போடவில்லை. கண்ணும் காதும் சரியாகத்தான் இருந்தன. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பஸ் டிரைவர். விபத்தில் இரண்டு கையிலும் மாவுக்கட்டு. முதுகிலும் அடி. தலையைத் திருப்பக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் என் பெயர் 'ஏழாம் பெட்'. துணியை விலக்குவார்கள், புரட்டுவார்கள், எனக்கு மேலேயே குனிந்து நின்று ஊர்க்கதை பேசுவார்கள். மரத்தை இழைக்கிற ஆசாரிகூட ஒரு தடவை தடவிப் பார்த்துத்தான் இழைப்பார்.

அன்று நாலு மணிக்கு என் மகள் வருவதாக இருந்தது. விபத்துக்குப் பிறகு முதல் தடவை. முகமெல்லாம் தாடி மண்டிக் கிடந்தது. சவரம் செய்துவிடச் சொல்லி அட்டெண்டரிடம் கெஞ்சினேன்.

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கு அலங்காரம் எதுக்கு? அடுத்த வாரம் பாக்கலாம்."

பிள்ளை பயந்துவிடுவாளே என்று அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

மணி இரண்டரை. வார்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேலே ஃபேன் நின்றது... விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சரக்... சரக்...

தோல்வாரில் கத்தி தீட்டும் சத்தம். என் தலைமாட்டில்.

"டிரைவர் சார், கன்னத்துல கை வெக்கலாமா?"

இத்தனை நாளில் தொடுவதற்கு முன் என்னைக் கேட்ட முதல் ஆள். மனசு குளிர்ந்துவிட்டது. "வைங்கண்ணே," என்றேன்.

இரண்டு உள்ளங்கைகள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. சோப்பு நுரை. பிறகு கத்தி.

"மீசை உங்களோடது. அதத் தொட மாட்டேன்."

கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். கத்தியின் பளபளப்பு தெரிந்தது. பிடித்திருந்த கை தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். என் தலைமாட்டில் ஆள் நிற்க இடமே கிடையாது.

கத்தி தொண்டைக்கு நேராக வந்து நின்றது.

"கழுத்துல வெக்கலாமா?"

கத்த நினைத்தேன். தொண்டை அசைந்தால் கத்தி பட்டுவிடும்.

"நீங்க சொல்லாமத் தொட மாட்டேன் சார்..."

காத்திருந்தது.

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ம்..." என்றேன்.

நாலு மணிக்கு மகள் ஓடி வந்து கன்னத்தோடு கன்னம் வைத்தாள். "அப்பா, நீங்க அப்படியே இருக்கீங்கப்பா!"

பின்னால் வந்த அட்டெண்டர் என் முகத்தைப் பார்த்தார். யார் செய்தது என்றார். சொன்னேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் இதே பெட்ல ஒரு சலூன்காரர் இருந்தாரு. ஷேவ் பண்ணிவிடச் சொல்லி தெனமும் அழுவாரு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்லிட்டிருந்தேன். தாடியோடவே போய்ச் சேந்துட்டாரு."

"சலூன்காரர்தானே, அவரே பண்ணிக்கக் கூடாதா?" என்றாள் மகள்.

"எப்படிம்மா? ரெண்டு கையையும் மணிக்கட்டுக்கு மேலயே எடுத்துட்டாங்களே..."