மெழுகுப் பதம்

கரண்டியில் ஒட்டியிருந்த கசடை இரண்டு விரல்கள் வழித்தெடுத்து உருட்டின. நசுக்கின, மறுபடி உருட்டின. காய்ச்சுகிற மூலிகை எண்ணெயை எப்போது இறக்குவது என்று விரல்தான் சொல்ல வேண்டும். கசடு சேறாக ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மெழுகாகத் திரண்டால் இறக்கிவிடலாம். மணலாக உதிர்ந்தால் போச்சு, கருகிவிட்டது. விரல்கள் விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தன.

"அண்ணி! கையைப் பாருங்க!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்திழுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். விரல் நுனிகள் வெளுத்துக் கொப்புளம் கிளம்பியிருந்தது. எண்ணெய்க்காரி அதை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தாள்.

"கொதிக்கக் கொதிக்க எடுக்குறீங்களே, இதென்ன இரும்புக் கையா?"

"இரும்புகூடச் சூடு பட்டா சிவக்கும். இது மரக்கட்டை."

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை எண்ணெய் கருகியபோது அண்ணி அடுப்பைத் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது.

"இனிமே நீ உருட்டு. ஆற விட்டு எடு. எப்படி இருக்கு?"

"ஒட்டுது."

"எப்படி ஒட்டுது?"

"சின்னப் பிள்ளை மூக்குச் சளி மாதிரி."

"அப்போ இன்னும் காயணும்."

சற்றுப் பொறுத்து நாத்தனார் மறுபடி உருட்டினாள். இந்த முறை திரி போல் நீண்டு வந்தது. அதை நெருப்பில் போட்டார்கள். சடசடக்காமல் எரிந்தது. இறக்கி வடிகட்டினார்கள்.

நோய் எண்ணெய்க்காரிக்கு முதலில் கண்ணில்தான் வந்தது. ஒரு கண் புகை படிந்த கண்ணாடியாயிற்று. பிறகு கால் பின்னியது. ஆஸ்பத்திரியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வாசலைக் காக்க வேண்டிய அந்தக் காவல்காரன், வீட்டுக்குள் புகுந்து நரம்பின் மேலுறையைக் கடிக்கிறான், அவனைக் கட்டிப்போடத்தான் இந்த ஊசி என்று டாக்டரம்மா விளக்கினார். அவள் ஊசியும் போட்டுக்கொண்டாள், தன் அமுக்கரா லேகியத்தையும் சாப்பிட்டாள். சோர்ந்த உடம்புக்குப் பலம் கொடு என்பதுதான் அவள் பார்த்துப் பார்த்துக் கற்ற வைத்தியம். கால் தெளிந்தது. ஊசியால் தெளிந்ததா, லேகியத்தாலா, இந்த நோய் சில காலம் தானாகப் பதுங்குமே அப்படிப் பதுங்கியதா, யாராலும் சொல்ல முடியாது. அவள் மட்டும் லேகியத்தால்தான் என்று அடித்துச் சொன்னாள். ஊசியை விட்டாள், லேகியத்தைக் கூட்டினாள்.

ஒரு காலை எழுந்தபோது வலது கை விரல்கள் மரத்திருந்தன. டாக்டரம்மா திட்டவில்லை.

"லேகியம் அந்தக் காவல்காரனுக்குத் தீனியாச்சான்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா கட்டியிருந்த கயித்தை அவிழ்த்தது நீங்கதான்."

மறுபடி ஊசி ஆரம்பித்தது. விரல் திரும்ப வருமா என்று கேட்டதற்கு அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. காதும் காதும் வைத்த மாதிரி அதை மறைத்தாள். விரல் செத்த எண்ணெய்க்காரியிடம் யார் எண்ணெய் வாங்குவார்கள்?

எண்ணெய் இறக்கிய அன்று சாயங்காலம் தையல்காரி வந்தாள். அவளுக்கும் இதே நோய். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமானவள். இன்று கையில் ஊன்றுகோல் இருந்தது.

"அக்கா, எண்ணெயோட அந்த லேகியமும் குடுங்க. நானும் ஊசிக்கு முழுக்குப் போட்டுட்டேன். எல்லாம் உங்களைப் பார்த்துத்தான். என்னமா நடக்குறீங்க!"

லேகியம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. எண்ணெய்க்காரி அதை மென்று விழுங்கிவிட்டு வலது கையை நீட்டினாள்.

"ஐயோ, என்னக்கா இது?"

"சுட்டுக்கிட்டேன். சுட்டது எனக்குத் தெரியல. ஊசியை விட்டதுல கை போச்சு. இப்போ திரும்பப் போட்டுக்குறேன். போனது வரல."

தையல்காரி முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் மெல்ல இறுகியது.

"ஊசி வெறும் விஷம்னு சொன்னது இந்த வாய்தானே?"

"இதேதான்."

"ரெண்டு நாளா கால் பெடலை மிதிக்க மாட்டேங்குது. லேகியம் சாப்பிட்டா சரியாயிடும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "காலையில நான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வேணாம். இவங்க வரட்டும். யார் பேச்சைக் கேட்டு விட்டேன்னு டாக்டரம்மா முன்னால இவங்களே சொல்லட்டும்."

"வரேன். சொல்றேன்," என்றாள் எண்ணெய்க்காரி.

நாத்தனார் எண்ணெய்ப் புட்டியை மூடித் துடைத்து அண்ணியின் வலது கையில் வைத்தாள்.

"கெண்டைக்கால்ல தேய்க்க மட்டும். இறுக்கம் கொஞ்சம் தளரலாம், அவ்வளவுதான். நோயை இது தொடாது. இதையும் டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டுத் தேய்," என்று எண்ணெய்க்காரி அதை நீட்டினாள்.

தையல்காரி உடனே கை நீட்டவில்லை. பிறகு, முகத்தைப் பார்க்காமல், புட்டியைப் பிடித்தாள். இழுத்தாள். அது வரவில்லை.

"விடுங்கக்கா," என்றாள். "நான் பிடிச்சுட்டேன்."

எண்ணெய்க்காரி குனிந்து தன் விரல்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.