நான் நம்பாத நிரோஜன்

நிரோஜன் இறந்துவிட்டார் என்ற செய்தி காலை ஏழு மணிக்கு என் கைப்பேசிக்கு வந்தது. நான் நம்பவில்லை. எல்லோரும் சொல்கிற 'நம்ப முடியவில்லை' அல்ல இது, உண்மையிலேயே சந்தேகப்பட்டேன். அஞ்சலிப் படத்தில் அவர் அணிந்திருந்தது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. எங்கள் இரண்டாவது தொலைக்காட்சித் தொடரில் அவர் வரும் கோலம் அது. புதிய தொடருக்கு விளம்பரம் தேடுகிறார்கள், அதற்காக இருபத்துமூன்று வயதுப் பிள்ளையைச் சாகடிப்பார்களா என்று திட்டிக்கொண்டே மூன்று பேருக்கு அழைத்தேன். மூன்றாவது ஆள் அவருடைய தாய்மாமன். "ஓம் பிள்ளை, உண்மைதான். கந்தளாய் றோட்டில மோட்டர்சைக்கிள் அடிபட்டிட்டுது" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். முதலிலிருந்தே அவரோடு வேலை செய்தவள் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர் அப்பழுக்கற்றவர் என்று எழுத என்னால் ஏலாது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து, பாடசாலைப் பிள்ளைகள் பார்க்கிற தொலைக்காட்சித் தொடர்களைச் செய்துகொண்டிருந்தோம். காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்தி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. இடது கையில் இருந்த புத்தகம் அடுத்த காட்சியில் வலது கைக்குப் போய்விடக் கூடாது. எல்லோரையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்திருப்பேன். சும்மாவே சந்தேகக்காரி, அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

நிரோஜன் சல்லிக் கிராமத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. முதல் தொடரில் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன், ஒரு வசனமும் கிடையாது. ஆனால் எத்தனை தரம் எடுத்தாலும் மற்றவர் பேசும் அதே சொல்லில் பேனையைத் திறப்பார், அதே சொல்லில் மூடுவார். எனக்கு வேலை வைக்காத ஒரே பிள்ளை அவர்தான். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. உற்றுப் பார்த்தபோது, மற்றவர்களின் வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தொடரில் கதாநாயகனாக மூதூர்த் தம்பி ஹஸ்னியைத் தெரிவு செய்திருந்தார்கள். முதல்நாள் படப்பிடிப்புக்கு ஹஸ்னி வரவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை. பொழுது ஏற ஏற இயக்குநருக்குக் கோபம் ஏறியது. "எனக்கு வசனம் பாடம், சேர்" என்று நிரோஜன் எழுந்து நின்றார். நான் அவருடைய தலையைப் பார்த்தேன். முந்தின நாள் மத்தியானம் நான் எடுத்த படத்தில் முடி நெற்றியில் விழுந்து கிடந்தது. இப்போது ஹஸ்னிக்கு நாங்கள் முடிவு செய்திருந்த அதே வெட்டு.

"தம்பி, முடி எப்ப வெட்டினீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம், அக்கா."

"ஏன்?"

"சரியான வெக்கை."

மறுநாள் ஹஸ்னி ஓடி வந்தார். படப்பிடிப்புத் தள்ளிப் போய்விட்டதாக, தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்ததாம். இயக்குநர் அதைப் பொய்ச் சாட்டு என்றார். நிரோஜன் முடி வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்த இரண்டு படங்களையும் காட்டினேன். "நடிக்கிறவன் நல்லா நடிக்கிறான். பேசாம இருங்கோ" என்று வாயை அடைத்துவிட்டார். ஹஸ்னி அடுத்த படகில் மூதூருக்குத் திரும்பிப் போனார். பிறகு நடிக்கவே இல்லை.

நிரோஜன் ஏறினார். நன்றாக நடித்தார், அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது தொடரில் பரீட்சையில் தோற்ற மகனாக அவர் அழுதபோது ஊரே அழுதது. ரியூசன் வகுப்புக் கொட்டில்களின் விளம்பரங்களில் அவர் முகம். கடைசியில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

கொழும்புக்குப் போவதற்கு முன், போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டு கேற்றடியில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு இடத்துக்கு என்னோட வருவீங்களோ?"

"என்ன விஷயம்?"

கண்ணீர் வழிந்தது. உதடு துடித்தது, எல்லாம் அந்த மூன்றாவது தொடரில் நான் பார்த்தபடியே.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். இந்த அழுகையை நான் எத்தினை தரம் பாத்திட்டன், தம்பி. என்னட்ட நடிக்காதேங்கோ."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டர்சைக்கிளில் ஏறினார். அதுதான் நான் அவரை உயிரோடு கடைசியாகக் கண்டது.

செத்த வீட்டில் ஹஸ்னி கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். இவருக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு உடனே சந்தேகம். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த மெசேஜ் அனுப்பினது அவன்தான் அக்கா. போன வருஷம் எங்கட வீட்டுக்கு வந்து, உம்மாக்கு முன்னால நிண்டு சொன்னவன்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். என் வாய் அப்படி.

"ஓம், அதையும் சொன்னவன். தனிய வரப் பயமாம். பெரியாக்கள் ஆரும் கூட வந்தா நல்லமெண்டு உங்களட்டத்தான் முதல்ல வந்தவனாம். 'அக்கா பக்கத்தில நிண்டா என்னால பொய் சொல்ல ஏலாது' எண்டான். நீங்க கேற்றைத் திறக்கேல்லையாம்."

"என்ன கிழமை?"

"வெள்ளி. பின்னேரம், அஸர் தொழுகை நேரம்."

அப்போதும் கணக்குப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து மூதூருக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் சரியாக இருந்தது. ஹஸ்னி இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லையாம். பிறகு கூட்டாளிகளாகிவிட்டார்களாம். "இதை நான் எழுதலாமோ?" என்று கேட்டேன். "எழுதுங்க. அவனே சொன்னதுதானே" என்றார்.

செய்த குற்றத்தைச் சரியாகப் பிடித்தேன். அழுத கண்ணீரைப் பிழையாகப் பிடித்தேன். தம்பி, நீங்கள் என்னைத் தேடி வந்தது எனக்குப் பெரிய மரியாதை; அது தெரியாமல் உங்களை வெயிலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினேன். மன்னியுங்கோ.

பெட்டியைத் தூக்கினார்கள். ஹஸ்னி பின்னால் நடந்தார். பெண்கள் நாங்கள் சந்தியோடு நின்றுவிட்டோம். "போயிட்டு வாங்கோ தம்பி" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வெடித்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளோ தெரியாது.