கூரைக்கு முன் வேலி

வரும் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது, அதற்குள் வகுப்பறைகளைக் காலி செய்து தர வேண்டும் என்று அதிபர் வந்து சொன்னபோது, என் மகள் தவழக்கூடத் தொடங்கவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்து, கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஒரே வகுப்பறையில் வேறு பல குடும்பங்களோடு இருந்தோம். அதிபரைக் குறை சொல்ல முடியாது. மனுசன் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஆனால் மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையை நனையாமல் எங்கே வைத்திருப்பது? எனக்கு இரவும் பகலும் வேறு யோசனை இல்லை. ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

வீடு தேடப் புறப்பட்டோம். என் கணவர் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கரியரில், பிள்ளை என் மடியில். ஜெயபுரத்தில் ஒரு வீட்டோடு சேர்த்துச் சாய்ப்பாக இறக்கிய பத்தி வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்காரி சிரித்த முகத்தோடு குடிக்கத் தண்ணீர் தந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“ஊரிலை எந்தப் பக்கம்? ஆருடைய ஆக்கள்?”

என் கணவர் உள்ளதைச் சொன்னார். வீட்டுக்காரியின் முகம் மாறிப்போயிற்று.

“என்ரை தம்பி குடும்பம் வாறமெண்டு சொன்னவை. நான் மறந்துபோனன் பாருங்கோ.”

அந்தத் தம்பி இன்றுவரை வந்திருக்கமாட்டான். எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

இப்படி எத்தனையோ வீட்டுப் படலைகளைத் தட்டிக் கடைசியில், புதுக்குடியிருப்புக்கு அங்கால், வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் தன் காணியின் மூலையைக் காட்டினார். “இதிலை கொட்டிலைப் போடுங்கோ. தண்ணியை எங்கடை கிணத்திலை அள்ளுங்கோ” என்றார். எந்தப் பக்கம், ஆருடைய ஆக்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதே காணியில் எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த வேதக்காரர், கிறிஸ்தவ மீன்பிடிக் குடும்பம். கடலை விட்டுவந்தாலும் கரையில் இருப்பதுபோலவே இருந்தார்கள். வேலியுமில்லை, படலையுமில்லை. யார் வந்தாலும் போனாலும் அவர்களின் முற்றத்தால்தான்.

என் கணவர் காட்டில் தடி வெட்டிக் கொட்டிலை நிறுத்தி, நிவாரணமாகக் கிடைத்த தறப்பாளை மேலே இழுத்துக் கட்டினார். அது ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போய், பின்னிய தென்னோலைக் கிடுகு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். போய்வந்து போய்வந்து மனுசனின் தோள் வீங்கிவிட்டது. அப்பாடா, கூரை வரப்போகிறது என்று நான் நிம்மதியாகப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், இரண்டு கொட்டில்களுக்கும் நடுவே வரிசையாகக் கதியால் தடிகளை நட்டுக்கொண்டு நிற்கிறார்.

“இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?”

“வேலி.”

“அப்ப கூரை?”

“தறப்பாள் கிடக்குத்தானே. கூரைக்கு இன்னொருக்காப் போய் எடுத்துவாறன். வேலியில்லாத வளவும் ஒரு வளவே?”

எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு இது ஒரு விசர். காணி கிடைத்தால் வீட்டுக்கு முன்னம் வேலி. சம்பந்தம் பேசப் போனாலும் வேலியைப் பார்த்துத்தான் வீட்டை மதிப்பார்கள். வேலிக்காக வழக்குப் பேசி, கடைசியில் அந்தக் காணியையே விற்றவர்களை எனக்குத் தெரியும். அந்த விசரை இவர் ஆனையிறவு தாண்டியும் கொண்டுவந்திருக்கிறார்.

“இரவல் காணியிலை ஆருக்கு வேலி? மழை வந்தால் பிள்ளையை உங்கடை வேலிக்குக் கீழை கிடத்துங்கோ.”

“நீர் சும்மா இரும்.”

அவ்வளவுதான். கொண்டுவந்த கிடுகு முழுவதும் வேலிக்குப் போயிற்று. காணி எல்லை வாய்க்கால் வரைக்கும், ஆள் உயரத்துக்கு, விரல் நுழைக்க இடமில்லாமல் கட்டினார். நான் கொதித்துப்போய் அவரோடு கதைக்கவேயில்லை.

அந்தக் கிழமையே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா. மருந்து தந்தவர், “பிள்ளையை நனைய மட்டும் விட்டுடாதேங்கோ” என்று சொல்லி அனுப்பினார். இவர் கூரைக்குக் கிடுகு எடுக்க ஓடினார். இப்போதுதான் ஓடுகிறார்.

பின்னேரம் குளக்கட்டுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் காற்று. தறப்பாளின் ஒரு மூலை கிழிந்து படபடவென்று அடித்தது. எட்டிப் பிடித்தேன், கையோடு பிய்ந்து வந்தது. அடுத்த வீச்சில் தறப்பாள் முழுவதும் போய்விட்டது. மழை நேராகக் கொட்டிலுக்குள் இறங்கியது. பிள்ளையை மார்போடு அணைத்துக் குனிந்து, என் முதுகைத்தான் கூரையாகக் கொடுத்தேன். பிள்ளை நெருப்பாய்க் கொதித்துக்கொண்டு நடுங்கியது. 

“தங்கச்சி, பிள்ளையைக் கொண்டு இஞ்சாலை ஓடி வா” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேதக்கார அக்கா கூப்பிட்டா.

எப்படி ஓடுவது? கூப்பிடு தூரம்கூட இல்லை, நடுவில் வேலி. சுற்றிப் போவதென்றால் வாய்க்காலைத் தாண்ட வேண்டும், அதில் வெள்ளம் பாய்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு வேலியை உதைத்தேன். அசையவில்லை, பாவி மனுசன் அப்படிக் கட்டியிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் புருசனும் கிடுகைப் பிடித்து இழுத்தார்கள். நான் மறுபடி மறுபடி உதைத்தேன். ஒரு பொத்தல் விழுந்தது. அதற்குள்ளால் பிள்ளையை முதலில் கொடுத்தேன்.

நான் நுழையும்போது இவர் நனைந்த கிடுகுக் கட்டோடு அக்காவீட்டு முற்றத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என்னையும் பொத்தலையும் பார்த்தார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா கோயிலுக்கு உடுத்துப் போகும் தன் நல்ல சீலையை எடுத்து மகளைத் துடைத்துச் சுற்றினா. “பாலைக் குடு, தங்கச்சி. அதுதான் இப்ப சூடு” என்றா. நான் தயங்கினேன். அதைக் கண்டதும் புருசனும் வளர்ந்த மகன்மாரும் எழும்பி, வெளியே தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளை முதலில் மறுத்தது. பிறகு பற்றிக்கொண்டது. மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கிடுகை வாசலுக்கு மறைப்பாகப் பிடித்தபடி மழைக்குள் நின்றார்.

“இப்ப சந்தோசமே? உங்கடை வேலி என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தது” என்றேன்.

அவர் திரும்பவில்லை. தாழ்வாரத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

“பள்ளிக்கூடத்திலை நீர் பிள்ளைக்குப் பால் குடுக்கேக்கை, ஒவ்வொருக்காலும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கு மேலாலை எட்டிப் பாத்தவங்களை எனக்குத் தெரியும். உமக்கு நான் சொல்லேல்லை. அதாலைதான் முதல் வேலியைக் கட்டினனான்.”

“நனையாதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்றேன். 

விடிய மழை விட்டதும் இருவருமாகப் போய் வேலியைப் பிரித்தோம். நான் எடுத்துக் கொடுக்க, அவர் கூரையில் ஏறி வேய்ந்தார். கொட்டிலின் பின்மூலையில், நான் இருந்து பால் கொடுக்கும் இடத்துக்கு மறைப்பாக, நாலு கிடுகை மட்டும் தனியாக வைத்தார். கூரை ஒரு பக்கம் குறைந்துதான் போயிற்று. அந்த நாலையும் எடுத்துக் கூரைக்குப் போடுங்கோ என்று நான் கேட்கவில்லை.