தொமோயே அக்காவின் ஓபோன் பாட்டு

எங்கள் மூன்றாம் பிளாக்கில் காஜிதானி தொமோயேவைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள். இன்னொன்று, இன்னும் பிறக்காதவர்கள். மற்ற எல்லோரும் அவர் கையால் பொரித்த, கறியும் உருளைக்கிழங்கும் வைத்த குரோக்கெட்டைத் தின்றுதான் உடம்பை வளர்த்திருக்கிறோம். ஸ்டேஷன் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டப் பகுதி அவருடைய ராஜ்ஜியம். வெள்ளைத் தொப்பி, முகமூடி, முழங்கை வரை உறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்ணாலேயே, "நேத்து ராத்திரியும் வீட்ல சமைக்கலையா?" என்று கேட்டுவிடுவார்.

மினாகாவா என்ற இசையமைப்பாளரின் பாட்டு அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான். சிந்தசைசரை வைத்துக்கொண்டு, பெண்களின் குரலை இயந்திரத்துக்குள் விட்டுப் பிழிந்து எடுத்து, நாட்டையே ஆட வைத்தவர் மினாகாவா. அவருடைய 'ஃப்ரிட்ஜ் நிலா' வந்த புதிதில், கடையின் ஒலிபெருக்கி காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே போட்டது. காய்கறிப் பகுதிக்காரருக்குக் கனவில்கூட அது கேட்டதாம். மீன் பகுதி கினுகோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தொமோயே மட்டும் மயங்கிவிட்டார்.

"இரண்டாவது சரணம் ஆரம்பிச்சா குரோக்கெட் வெந்துடுச்சுன்னு அர்த்தம் கினுகோ. டைமரே வேணாம். மனுஷன் எனக்காகவே போட்ட மாதிரி இருக்கு."

"ஆமா, ராத்திரி பகலா முழிச்சு உன் எண்ணெய்ச் சட்டிக்குத்தான் பாட்டு போட்டாராக்கும்."

அப்புறம் 'ஈரக்குடை' வந்தது, 'லிஃப்ட்டில் ஞாயிறு' வந்தது. எல்லாம் தொமோயேவுக்கு மனப்பாடம். ஹிரோஷிமாவில் கச்சேரி என்றதும், வாழ்க்கையில் லீவே கேட்காத மனுஷி லீவு கேட்டார். கையில் ஒளிரும் குச்சியோடு, தன் பெண்ணைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில் நின்று ஆடிவிட்டு வந்தார்.

"ஆளைப் பாத்தியா?" என்றார் கினுகோ.

"மேடையில பின்னாடி மெஷின்களுக்கு நடுவுல முதுகைக் காட்டிட்டே நின்னாரு. கடைசில ஒருதடவை தலையை ஆட்டினாரு. அச்சு அசலா எங்க வீட்டு ஆம்பளைதான் போ!"

வீட்டு ஆம்பளையின் பெயர் இசாவோ. கூரைக்கு ஓடு வேய்ந்து ஓய்ந்தவர். முன்னோரை நினைத்து வருஷாவருஷம் ஊர் கூடி வட்டமாக ஆடும் ஓபோன் ஆட்டத்துக்கு, நடுவில் கட்டிய பரண்மேல் ஏறிப் பெரிய மேளம் தட்டுவது அவர்தான். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சை அன்றைக்கு ஒரேயடியாகக் குச்சியால் பேசிவிடுவார். மினாகாவாவின் பாட்டைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் சுருக்கமானது.

"அந்தப் பொண்ணுக்கு ஜலதோஷமா? எதுக்குத் தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுது?"

தொமோயே ஷிமானேயிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர். வந்த முதல் ஓபோனிலேயே வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். பிறகு மாதர் பிரிவில் சேர்த்தார்கள். பிறகு முன்னால் நின்று ஆடிக்காட்டும் வேலையையும் தலையில் கட்டினார்கள். யுகாத்தா என்ற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, மாமியார் காலத்துப் பாட்டுகளுக்கு, மாமியார் காலத்துக் கையசைப்போடு அத்தனை வருஷம் ஆடினார். ஒருநாள், தெருச் சங்கக் கூட்டத்தில், பார்லி டீயை உறிஞ்சிக்கொண்டே தலைவர் உராபே, "ஆட ஆள் குறையுது, புதுசா ஒரு பாட்டு சேக்கலாமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டால் எல்லோரும் "ம்ம்ம்..." என்று கூரையைப் பார்ப்பார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதுதான் வழக்கம்.

தொமோயே கையைத் தூக்கினார்.

"ஃப்ரிட்ஜ் நிலா."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கீழே பார்த்தார்கள்.

"இத்தனை வருஷம் எல்லார் பாட்டுக்கும் ஆடிட்டேன் தலைவரே. என்னோடதுன்னு ஒண்ணே ஒண்ணு."

உராபே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். எதிரே இருப்பவர் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாத தொழில். ஒத்துக்கொண்டார்.

சமூகக்கூடத்தில் ஒத்திகை. கை அசைவுகளைத் தொமோயேவே கட்டியிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பது, எட்டிப் பார்ப்பது, உள்ளே நிலாவைக் கண்டு பின்வாங்குவது. பாட்டியம்மாக்களுக்குக்கூட ஒரே சுற்றில் வந்துவிட்டது. யார்தான் ஃப்ரிட்ஜைத் திறக்காதவர்? எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் அந்த மௌனம் வந்தது.

மினாகாவாவின் பாட்டுகளில் இது ஒரு குறும்பு. எல்லாச் சத்தமும் பட்டென்று நிற்கும். கரண்ட் போய்விட்டதோ என்று சந்தேகம் வரும்வரை ஒன்றுமே இருக்காது. பிறகு பல்லவி இரண்டு மடங்கு வேகத்தோடு வந்து விழும். கச்சேரியில் அந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்களாம். நாங்கள் மூன்றாம் பிளாக். சத்தம் நின்றால் எங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். கை தட்டினோம். ஒருவருக்கொருவர் குனிந்து, "ரொம்பக் களைச்சிருப்பீங்க", "நீங்கதான் களைச்சிருப்பீங்க" என்று உபசாரம் சொல்லிக்கொண்டோம். டீ இருக்கும் மூலைக்கு நகர்ந்தோம். கினுகோ தலைவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது பல்லவி இடிபோல இறங்கியது. டீ கோப்பைக்குப் போகாமல் தலைவரின் மடிக்குப் போனது.

"பாட்டுன்னா முடிஞ்சா முடியணும்," என்றார் உராபே, கால்சட்டையை உதறிக்கொண்டே. "சொல்லிட்டுக் கிளம்பின விருந்தாளி திரும்பவும் கதவைத் தட்டற மாதிரில்ல இருக்கு! அந்த இடைவெளியை வெட்டிட முடியாதா?"

"அதுக்கு என்னை வெட்டுங்க. பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு."

"சரிம்மா. ஒரு வாய்ப்பு. விழா அன்னிக்கு வட்டம் கலைஞ்சதோ, அப்புறம் மூணாம் பிளாக்ல இந்தப் பாட்டு கிடையாது. நான் சொன்னா சொன்னதுதான்."

அவர் சொல்லி அப்படி நின்றது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மடி நனைந்திருந்தது. இந்த முறை நிற்கும் போலத்தான் தோன்றியது.

தொமோயே வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பேசினார். "ஏங்க, அந்த இடத்துல நீங்க மேளத்தை லேசாத் தட்டிட்டே இருந்தா ஜனங்க நிப்பாங்கல்ல?"

இசாவோ முள்ளங்கி ஊறுகாயைக் கடித்து முடித்தார். "அந்தப் பாட்டுல ஏற்கெனவே மெஷினுக்குள்ள ஒருத்தன் விடாம தட்டிட்டிருக்கான். அவனுக்குக் கை வலிக்கறதுமில்ல, தாகம் எடுக்கறதுமில்ல. நான் எதுக்கு?"

"அப்ப சும்மா உக்காந்திருப்பீங்களா?"

"பரண்ல உக்காந்திருப்பேன். குச்சி மடியில இருக்கும்."

அடுத்த ஒத்திகையில் தொமோயே, "மௌனம் வந்தா கையை மேல தூக்கினபடி நில்லுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். எல்லோரும் சொன்னபடி கையைத் தூக்கினார்கள். தூக்கிய கையோடு பக்கத்தில் இருப்பவருக்குக் குனிந்து வணக்கமும் வைத்தார்கள். கைதூக்கிச் சரணடைய வந்த படைமாதிரி இருந்தது. தொமோயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது வழி கிடைத்திருந்தது.

"இவங்க குனியறதை நிறுத்த முடியாது. அப்ப குனியறதையே ஆட்டமாக்கிடலாம். மௌனம் வந்ததும் எதிர்ல இருக்கறவங்களுக்கு நல்லா ஆழமாக் குனிங்க."

"எப்ப நிமிரணும்?" என்றார் கினுகோ.

"பாட்டு திரும்ப வந்ததும்."

எவ்வளவு எளிது! யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, அந்த இடத்தை மட்டும் ஆடிப் பார்த்துவிட்டு டீக்குப் போனோம்.

விழா அன்று பள்ளி மைதானத்தில் பரணைச் சுற்றிக் காகித விளக்குகள். பொழுது சாய்ந்ததும் பழைய பாட்டுகளுக்கு இசாவோ வேர்க்க வேர்க்கத் தட்டினார். பிறகு ஒலிபெருக்கி, "அடுத்து, ஃப்ரிட்ஜ் நிலா" என்றது. அவர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தூரத்து மலையைப் பார்க்க ஆரம்பித்தார். வட்டம் கலைகிறதா என்று கிட்டத்திலேயே பார்க்க உராபே தானும் வட்டத்தில் இறங்கி, தொமோயேவுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தோம். எட்டிப் பார்த்தோம். மௌனம் வந்தது. மைதானமே ஒன்றாகக் குனிந்தது. பல்லவி இறங்கியது. மைதானமே ஒன்றாக நிமிர்ந்தது. பிள்ளைகள் வீலென்று கத்தினார்கள். ஐஸ் தின்னப் போனவர்கள்கூட ஓடிவந்து வட்டத்தில் நுழைந்தார்கள். தொமோயேவின் முகத்தை அன்றுதான் முகமூடியில்லாமல் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தேன்.

பிறகு பாட்டு நிஜமாகவே முடிந்தது.

சத்தம் நின்றதா? நின்றது. குனிந்தோம். பாட்டு வந்ததும் நிமிர வேண்டும். பாட்டு வரவில்லை.

தொமோயேவுக்குத் தெரியும், முடிந்துவிட்டதென்று. மெல்லத் தலையைத் தூக்கினார். எதிரே தலைவர் இன்னும் குனிந்திருந்தார். தலைவருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதா? மறுபடி குனிந்தார். அந்த நேரம் தலைவர் ஓரக்கண்ணால் பார்த்தார். தொமோயே இன்னும் குனிந்திருக்கிறாரே என்று முன்னைவிட ஆழமாகக் குனிந்தார். வட்டம் முழுக்க இதே கதை. பொரித்த நூடுல்ஸ் கடைக்காரரும் ஏதோ அஞ்சலி என்று நினைத்துக் கரண்டியும் கையுமாகக் குனிந்துவிட்டார். நூடுல்ஸ் கருகும் வாசனை வந்தது.

"தொமோயேக்கா," என்றார் கினுகோ, தரையைப் பார்த்தபடி. "இடுப்பு போச்சு."

"பொறு. தலைவர் நிமிரட்டும்."

"நீங்க நிமிருங்கம்மா," என்றார் தலைவர், தரையிலிருந்து.

"ஐயோ, முதல்ல நீங்க."

பரண்மேல் உட்கார்ந்திருந்தவருக்கு எங்கள் முதுகுகள் மட்டும் தெரிந்திருக்கும். மூன்றாம் பிளாக்கின் மொத்த முதுகும். அவர் உடனே ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் ரசித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு எழுந்தார்.

ஒரே ஓர் அடி. வயிற்றுக்குள் போய் விழுந்தது. அத்தனை பேரும் நிமிர்ந்தோம். நிமிர்ந்த கைகள் தாமாக ஃப்ரிட்ஜைத் திறந்தன. அதற்குமேல் நிறுத்த அவராலும் முடியவில்லை. ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை, வெறும் மேளம். ஃப்ரிட்ஜ் நிலா அச்சுப் பிசகாமல் அந்தத் தோலில் வந்துகொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ஒருத்தி முணுமுணுத்ததை எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கை அது! தொமோயே மேலே பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் அடி தப்பியிருக்கும். ஆனால் பாட்டு வரிகளை வாய்விட்டுப் பாடினார், இயந்திரத்தில் விடாத சொந்தக் குரலில். சுருதி சேரவில்லை. நாங்களும் சேர்ந்து பாடினோம். அதுவும் சேரவில்லை.

கடைசியில் இசாவோ அடியைத் தளர்த்தி, மேளத்தின் விளிம்பில் தட்டி, முடிந்தது என்று எல்லோருக்கும் புரியும்படி முடித்தார். யாரும் குனியவில்லை. கை தட்டினோம்.

உராபே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வட்டம் கலையல. நான் சொன்னா சொன்னதுதான், பாட்டு இருக்கட்டும். ஆனா நிமிரச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

எல்லோரும் பரணைப் பார்த்தோம்.

"நான் அந்தப் பாட்டுக்குத் தட்டல," என்றார் இசாவோ, ஏணியில் இறங்கிக்கொண்டே. "அது முடிஞ்சப்புறம்தான் தட்டினேன்."

"ஆமாங்க," என்றார் தொமோயே, துண்டை அவர் கையில் கொடுத்து. "அடுத்த வருஷமும் முடிஞ்சப்புறமே தட்டுங்க."